பாட்டு வண்டியோடு அழகர்கோவிலுக்கு ஒன்றரைத் தடவை நடந்தோம்

கால் வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை. வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து எரிகிறது. உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான் என்பதால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். போன பதிவில் எங்கள் வீட்டுக்காரருடைய புல்லட்டில் பாட்டுப் பெட்டி மாட்டிய கதையை எழுதியபோது, அதை வைத்துக்கொண்டு பாதயாத்திரை போகலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம். நாங்கள் போய்விட்டு வந்தோம். எப்படிப் போகக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பயணம் நடந்தது புரட்டாசிக் கடைசி சனிக்கிழமை. வண்டியூர் தெப்பக்குளக் கரையிலிருந்து அழகர்கோவில் கோட்டை வாசல் வரை; மலைவாசல் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். எங்கள் வண்டி மீட்டர் கணக்கில் 22 கி.மீ. 400 மீட்டர்.

போன காரணம் என் ஓரகத்தி ராஜம் அக்கா. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எங்களுக்குப் பக்கத்து வீடு. எங்கள் தெருப் பஜனைக் குழுவில் இருபது வருடமாக முன்பாட்டு அவர்தான். அவர் ஒரு வரி பாடினால் நாங்கள் ஒன்பது பேரும் அதைத் திருப்பிப் பாடுவோம். போன மார்கழியில் அவர் கழுத்தில் ஒரு கட்டி. அது கெட்ட கட்டியாக இருக்கக்கூடாது, நல்ல கட்டியாக இருந்தால் வருகிற புரட்டாசி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை, தெப்பக்குளத்திலிருந்து மலைவாசல் வரை உன் பாட்டைப் பாடிக்கொண்டே நடந்து வருகிறேன் என்று அழகருக்கு வேண்டிக்கொண்டார். தை மாதம் அறுவை சிகிச்சை. கட்டி நல்ல கட்டிதான். ஆனால் கட்டியோடு குரலும் போய்விட்டது. நரம்பு அயர்ந்திருக்கிறது, ஆறு மாதத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ஒன்பது மாதமாகிறது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால் சொல் புரியும்.

அழகர் தன் பங்கைச் செய்துவிட்டார், நான் என் பங்கைச் செய்ய முடியவில்லை என்று அக்கா ஆடி மாதத்திலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கோவிலுக்குள் வருவதையும் நிறுத்திவிட்டார். வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

வீட்டுக்காரர்தான் ஒருநாள் தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: “மதினி பாடுனதுதான் கேசட்ல கெடக்கே. நம்ம வண்டியில போட்டுக்கிட்டுக் கூடவே வந்தா என்ன?”

மூன்று வருடத்துக்கு முன்னால் ஏகாதசி பஜனையில் பதிந்த கேசட் மூன்று எங்களிடம் இருந்தது. மொத்தம் நாலரை மணி நேரம், இருபத்தோரு பாட்டு. அக்காவின் குரல் ஒன்று மட்டும் தெளிவாக இருக்கும். எங்கள் குரல் பின்னால் சந்தை இரைச்சல் மாதிரி கேட்கும். அக்கா உடனே சம்மதிக்கவில்லை. பதினோரு நாள் யோசித்துவிட்டு, பஜனைக் குழுத் தலைவி கோமதியம்மாளிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். நான்தான் பேசினேன். கோமதியம்மாள் கைத்தாளத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“குரல் அவ குரல்தான? நடக்கப்போறதும் அவதான? அழகருக்குத் தெரியாதா தாயி,” என்றார். பிறகு விரலை நீட்டி, “ஆனா ஒண்ணு. பெட்டி பாடுனாலும் பஜனை பஜனைதான். பிள்ளையார் பாட்டுல ஆரம்பம். மங்களம் கடைசில. மங்களம் பாடிட்டா அம்புட்டுத்தான், அதுக்கு மேல ஒரு வரி பாடக்கூடாது,” என்றார்.

பஜனை பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். மங்களம் என்பது முடிவுப் பாட்டு. அது பாடிக் கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டால் சாமி தன் இடத்துக்குத் திரும்ப எழுந்தருளிவிட்டார் என்று அர்த்தம். தாளக் கயிற்றைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிடுவோம். மறுபடி பாடவேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேசட்டைக் கம்ப்யூட்டர் பாட்டாக மாற்றியது நான். நான் படித்தது எட்டாவது. கம்ப்யூட்டர் யாரும் சொல்லித்தரவில்லை, அண்ணாநகர் பிரவுசிங் சென்டரில் பக்கத்து மேஜையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஐந்து மணி நேரம், மணிக்கு 20 ரூபாய் வீதம் நூறு ரூபாய். பென் டிரைவ் 350. வண்டியில் ஏற்கெனவே மாட்டியிருந்ததன் கணக்கு, கேட்டவர்களுக்காக: பென் டிரைவ் செருகும் பெட்டி 850, ஸ்பீக்கர் ஜோடி 640, ஆம்ப்ளிஃபயர் 1,100, வயர் ஸ்விட்ச் வகையில் 210, மாட்டுக்கூலி 300. ஆக 3,100. ஸ்பீக்கர் இரண்டும் கைப்பிடிக்குக் கீழே, ஆம்ப்ளிஃபயர் இடதுபக்க இரும்புப் பெட்டிக்குள். இவரும் இவருடைய சிநேகிதர்களும் கன்னியாகுமரி, தனுஷ்கோடி என்று சுற்றும்போது கேட்பதற்காக மாட்டியது. ரோட்டில் அறுபதில் போகும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பாட்டுக்கும் 1, 2, 3 என்று எண் போட்டுப் பெயர் வைத்தேன். மங்களத்துக்கு 21. எதை மறந்தாலும் மங்களத்தை மறந்துவிடக்கூடாது என்று பென் டிரைவில் அதைத்தான் முதலில் ஏற்றினேன். சமையலுக்கு உட்காரும்போதே தாளிக்கிற கறிவேப்பிலையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொள்கிற பழக்கம். பிறகு மற்ற இருபதையும் வரிசையாக ஏற்றினேன். திரையில் பார்த்தால் ஒன்றிலிருந்து இருபத்தொன்று வரை ஒழுங்காக நின்றது. திருப்தியாக வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை 4.50க்குத் தெப்பக்குளக் கரைப் பிள்ளையார் முன்னால் சூடம் ஏற்றினோம். நான், ராஜம் அக்கா, கோமதியம்மாள், குழுப் பெண்கள் இன்னும் ஏழு பேர், வண்டியோடு இவர். முந்தின நாள் இவர் சத்தத்தை மட்டும் சோதித்துப் பார்த்ததில் பாட்டு எங்கோ நடுவில் நின்றிருக்கும் என்று நினைத்து, பிள்ளையார் பாட்டு வரும்வரை பொத்தானை அமுக்கினேன். ஒரே அமுக்கில் வந்துவிட்டது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருட்டோடு வைகைப் பாலத்தில் ஏறினோம். முன்னால் வண்டி, ஸ்பீக்கரில் அக்காவின் பழைய குரல். அதற்குப் பின்னால் அக்கா, வாயை மூடிக்கொண்டு. நாங்கள் பின்பாட்டு. முதல் இரண்டு கி.மீ. எனக்குப் பாடவே வரவில்லை. பிரவுசிங் சென்டரில் காதுக்குள் கேட்டதோடு சரி, ஒன்பது மாதமாக அந்தக் குரல் வெளியில் ஒலித்து நான் கேட்கவில்லை. அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவருடைய பாதத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இந்த இடத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். நடக்கிறவர்கள் மணிக்கு மூன்று, மூன்றரை கி.மீ. போவார்கள். அந்த வேகத்தில் புல்லட் போகாது. முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்தபடி உருட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் இவருடைய இடது கை மரத்துப்போய்விட்டது. இஞ்சின் சூடு தொடையைச் சுட்டது. மாட்டுத்தாவணிக்கு 6.25க்கு வந்தபோது பூ மார்க்கெட் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் ஒட்டினார்.

“என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா? தள்ளிவிடவா?”

“ஓடிக்கிட்டுத்தான்ப்பா இருக்கு. நடக்குறவுகளுக்காக மெதுவாப் போறேன்.”

“இந்த ஓட்டத்துக்கு எறங்கித் தள்ளிக்கிட்டே போயிரலாம்ணே. பெட்ரோலாச்சும் மிஞ்சும்.”

இவர் சிரிக்கவில்லை. அப்போதே களைத்துவிட்டார். மார்க்கெட்டில் துளசி மாலை ஒன்று 15 ரூபாய்க்கு வாங்கி வண்டி முகப்பில் கட்டினோம். மூன்றுமாவடியில் 7.20க்கு இட்லி, டீ. பத்துப் பெண்களும் இவரும் சேர்த்து 132 ரூபாய். 7.45க்குக் கிளம்பினோம்.

அங்கிருந்தே பாட்டு கம்ம ஆரம்பித்துவிட்டது. அக்காவின் குரல் கரகரத்து மெலிந்தது. ஹாரன் அடித்தால் ஆடு கத்துகிற மாதிரி இருந்தது. கடச்சனேந்தல் தாண்டி, 10 கி.மீ. 100 மீட்டரில், பன்னிரண்டாம் பாட்டின் நடுவில் எல்லாம் நின்றது. பாட்டு, இஞ்சின் இரண்டும். மணி 8.20.

“பாட்டரி இறங்கிருச்சு,” என்றார். “மெதுவா உருட்டுறப்போ சார்ஜே ஏறாது. இம்புட்டு நேரம் ஆம்ப்ளிஃபயர் இழுத்துக்கிட்டே இருந்துருக்கு. எனக்குத் தோணாமப் போச்சு.”

நெடுஞ்சாலையில் ஓட்டியே பழகியவருக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. இருபத்தைந்து நிமிடம் கிக்கரைத் திரும்பத் திரும்ப உதைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பெண்கள் புளியமரத்து நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். ஒருவழியாக இஞ்சின் பிடித்தது. அணைந்துவிடக்கூடாதே என்று இவர் ஆக்ஸிலேட்டரை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தபோது பெட்டிக்கும் உயிர் வந்தது.

வந்தது மங்களம்.

நல்ல கனத்த சத்தத்தில், அக்காவின் குரலில், ஆறு வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி மங்களம். என்ன நடக்கிறது என்று என் புத்திக்கு எட்டுவதற்குள் என் கை குவிந்துவிட்டது. பத்துப் பேரும் எழுந்து நின்றுவிட்டோம். இருபது வருடப் பழக்கம் அப்படி. இரண்டாவது வரிக்குப் பின்பாட்டும் பாடிவிட்டோம். ஒருத்தி பையிலிருந்து சூடத்தையே எடுத்து ஏற்றிவிட்டாள். கோமதியம்மாள் மண்ணில் விழுந்து கும்பிட்டார், அவரைப் பார்த்து மற்றவர்களும் விழுந்தார்கள். இவர் முறுக்கின கையை விடமுடியாமல், “அத அமுக்கு, அத அமுக்கு” என்று என்னைப் பார்த்துக் கத்துகிறார். எனக்குக் காதில் விழவில்லை. நானும் தரையில் கிடந்தேன்.

எழுந்து நெற்றி மண்ணைத் துடைக்கும்போதுதான் கோமதியம்மாளுக்கு உறைத்தது.

“என்னத்தா இது? இன்னும் அப்பன்திருப்பதியே வரல. அதுக்குள்ள மங்களமா?”

நான் பொத்தானை அமுக்கினேன். அடுத்தது பிள்ளையார் பாட்டு வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பெட்டிக்கு நான் வைத்த எண்ணும் தெரியாது, பெயரும் தெரியாது. எதை முதலில் ஏற்றினோமோ அதுதான் அதற்கு முதல் பாட்டு. மின்சாரம் அற்றுப்போய் மறுபடி வந்தால் முதல் பாட்டிலிருந்து தொடங்கும். காலையில் ஒரே அமுக்கில் பிள்ளையார் பாட்டு வந்தது சகுனத்தால் அல்ல. அது இரண்டாவதாக இருந்தது.

“என் தப்புதான்,” என்றேன். விவரம் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தப்பு யாரோடதா இருந்தா என்ன,” என்றார் கோமதியம்மாள். “சூடம் காட்டியாச்சு, விழுந்து கும்பிட்டாச்சு. பஜனை முடிஞ்சுபோச்சு. இனி மலைவாசல் வரைக்கும் வாயத் தொறக்காம நடக்கலாம். ஆனா அது ராஜம் வேண்டுனது இல்ல.”

“இங்கனயே பிள்ளையாரப் பாடி ஆரம்பிச்சா என்னம்மா?” என்று கேட்டேன்.

“ஆரம்பிக்கலாம். அப்ப கடச்சனேந்தல்ல இருந்துதான் நடந்ததாக் கணக்கு. அவ தெப்பக்குளம்னு சொல்லி வேண்டியிருக்கா.”

“சாமிக்குத் தெரியாதாக்கும்? நீங்களே சொன்னீகளே,” என்றார் இவர் எரிச்சலோடு.

“அவருக்குத் தெரியும்ப்பா. அவளுக்கு மனசு ஒப்பணும்ல?”

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா புளியமரத்து வேரில் உட்கார்ந்து செருப்பில்லாத பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புரட்டாசி முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. சனிக்கிழமை இனி இல்லை. எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். நேராக வண்டிக்குப் போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மதுரைப் பக்கம் கையைக் காட்டினார்.

“மதினி, பத்து கிலோமீட்டர்,” என்றார் இவர். “வெயிலு ஏறிருச்சு.”

அக்கா அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். “தெப்பக்குளத்துல இருந்து திரும்ப நடக்கப்போறாகளாம். வரலாட்டி நீங்க வீட்டுக்குப் போங்கங்குறாக.”

அந்த நேரத்தில் எனக்கு வந்தது பக்தி இல்லை, அழுகை. கால் அப்போதே விண்விண் என்றது. ஆனால் அந்தப் பத்து கி.மீட்டரை வீணாக்கியது நான். இவரையும் அக்காவையும் முன்னால் போகச்சொல்லிவிட்டு நான் பஸ்ஸில் மாட்டுத்தாவணி (3 ரூபாய்), அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தெப்பக்குளம் (8 ரூபாய்) வந்து சேர்ந்தேன். குழுவில் ஐந்து பேருக்கு வீட்டில் வேலை, பஸ் ஏறிவிட்டார்கள். கோமதியம்மாளும் மற்ற இருவரும் அங்கேயே மரத்தடியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

தெப்பக்குளத்தில் இறங்கியபோது இவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. “பத்து கிலோமீட்டர் வேகமா வந்ததுல பாட்டரி ஏறிருச்சு,” என்று ஹாரனை அடித்துக் காட்டினார். ஆடு கத்தவில்லை. “இனிமே உங்ககூட உருட்ட மாட்டேன். நான் ரெண்டு கிலோமீட்டர் முன்னால வெரட்டிப் போயிட்டு, ஒண்ணு திரும்பி வந்து நிக்கிறேன். நீங்க தலை தெரியுறப்போ பாட்டைப் போடுறேன். தாண்டிப் போனதும் நிறுத்திட்டு மறுபடி போறேன்.”

9.50க்கு மறுபடி பிள்ளையார், மறுபடி சூடம். இந்த முறை பிள்ளையார் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாட நான் ஒருத்திதான்.

இரண்டாவது நடை பற்றி எழுத அதிகம் இல்லை. தார் ரோடு சுட்டது. ஓரத்து மண்ணில் நடந்தால் முள். லாரி போனால் புழுதி. மாட்டுத்தாவணியில் அதே ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்து, “யக்கா, காலைலயே போனீகள்ல? வழி மறந்துருச்சா?” என்றார். தண்ணீர் பாக்கெட் ஆறு வாங்கினேன், ஒன்று ஒரு ரூபாய். மூன்றைக் குடித்தோம், மூன்றைக் காலில் ஊற்றிக்கொண்டோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் பாட்டு எங்கள் கூடவே வந்தது, அதனால் காதில் விழுந்தும் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு கி.மீட்டருக்கும் கொஞ்ச தூரம் வெறும் ரோடு, வெறும் வெயில், எங்கள் மூச்சு. பிறகு ரொம்ப தூரத்தில், வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, அந்தக் குரல் வரும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். அக்கா அந்தக் குரல் கேட்டதும் தலையை நிமிர்த்துவார். ஒரு இடத்தில் என் கையைப் பிடித்து இழுத்து, காதில் சொன்னார்: “இம்புட்டு நல்லாவா பாடுனேன்?”

“பின்ன? நாங்கெல்லாம் எதுக்கு இருபது வருசமா உங்க பின்னாடி கத்துறோம்?” என்றேன். சிரித்தார். சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது.

கடச்சனேந்தல் மரத்தடிக்கு 1.10க்கு வந்தோம். கோமதியம்மாள் நான்கு மணி நேரத்துக்கு மேலாக அங்கேயே உட்கார்ந்திருந்தார். எங்களுக்காக மோர் வாங்கிப் பானையில் வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவர். “முறையா ஆரம்பிச்சீகளா?” என்று மட்டும் கேட்டார். அக்கா தலையாட்டினார். மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அக்காவின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து முள் பார்த்தார். இரண்டு முள் எடுத்தார். 2.30க்கு ஐந்து பெண்களாகக் கிளம்பினோம்.

அப்பன்திருப்பதி 4.25. பொய்கரைப்பட்டி 5.30. அதற்குப் பிறகு மலை கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் பக்கத்தில் வராது. இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை வாசலுக்கு வந்தபோது 6.20. விளக்குப் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. பாட்டு வண்டிக்கு உள்ளே அனுமதி இல்லை என்று காவலாளி வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். இவர் வண்டியை மதிலோரம் சாய்த்து நிறுத்தி, இருபதாம் பாட்டைப் போட்டார். நாங்கள் நால்வரும் பின்பாட்டுப் பாடினோம். என் குரலும் அக்கா குரல் மாதிரிதான் ஆகிவிட்டிருந்தது.

இருபதாவதோடு பென் டிரைவ் தீரும். தீர்ந்தால் பெட்டி தானாக முதல் பாட்டுக்குத் திரும்பி மங்களத்தைத்தான் போடும். என் தப்பு அந்த ஒரு இடத்தில் மட்டும் சரியாகப் பொருந்தி நின்றது. கோமதியம்மாள் சூடத்தைத் தட்டில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்துவிட்டார்.

பாட்டு முடிகிற வரியில் அக்கா வண்டிக்குப் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

“என்ன மதினி? மங்களம் இருக்கே,” என்றார் இவர்.

அக்கா தலையை ஆட்டினார். வேண்டாம்.

“ஏண்டி, இம்புட்டு தூரம் ரெண்டு தடவ நடந்துட்டு, மங்களம் வேணாங்குறியா?” என்றார் கோமதியம்மாள். தீக்குச்சி கையிலேயே இருந்தது.

அக்கா அவர் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினார். நானும் காதைக் கொடுத்தேன். “நடந்து வாரேன்னேன், வந்துட்டேன். பாட்டையும் கொண்டாந்துட்டேன். மங்களத்த மட்டும் பெட்டி பாட வேணாம்மா. அத நான் வந்து பாடுறேன்.”

“எப்ப?”

“வந்ததும்.”

குரலைத்தான் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. வராவிட்டால் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. அன்றன்றைக்குக் கணக்கை முடித்துக் கோடு போட்டுவிட்டுத்தான் நான் படுப்பேன். ஒரு வேண்டுதலை வாசல் வரை கொண்டுவந்து, வேண்டுமென்றே ஒரு பாட்டைப் பாக்கி வைத்துவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. கோமதியம்மாள் என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். அவருக்குத்தான் முறை பெரிது.

அவர் தீக்குச்சியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். “மங்களம் பாடலைன்னா பஜனை இன்னும் நடக்குதுன்னு அர்த்தம்,” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. பிறகு தாளத்தை எடுத்தார். எப்போதும் பஜனை முடிந்ததும் கயிற்றைச் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொள்வார். அன்றைக்குச் சுற்றாமல், கயிறு தொங்க, அக்கா கையில் கொடுத்தார். “நீயே வச்சிரு. முடியுறப்போ கொண்டா.”

அக்கா ஆடிக்குப் பிறகு முதல் தடவையாகக் கோவிலுக்குள் வந்தார். சந்நிதியில் கூட்டம் தள்ளியது. தரிசனம் அரை நிமிடம்கூட இல்லை. தாளம் அவர் கையில் இருந்தது, தள்ளுமுள்ளில் லேசாக ஒலித்துக்கொண்டே போனது.

திரும்பும்போது பெண்கள் பஸ், ஆளுக்கு 7 ரூபாய். இவர் வண்டியில் தனியாக வந்தார், பாட்டுப் போடாமல்.

போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நடக்கிறவர்களோடு வண்டியை உருட்டாதீர்கள், முன்னால் ஓடி நின்று நின்று போங்கள். இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயருக்குத் தனி பாட்டரி வேண்டும், 900 ரூபாய் ஆகும் என்கிறார் இவர். பாட்டை எந்த வரிசையில் கேட்க வேண்டுமோ அந்த வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், திரையில் தெரிகிற வரிசையை நம்பாதீர்கள். ஏற்றிய பிறகு வண்டியிலேயே ஒரு தடவை இணைப்பைப் பிடுங்கிவிட்டு மாட்டி, எது முதலில் வருகிறது என்று பாருங்கள். சனிக்கிழமையில் வண்டிக்குக் கோட்டை வாசலோடு சரி. முள் எடுக்க ஊசி கொண்டு போங்கள். பெட்ரோல் உட்பட அன்றைய மொத்தச் செலவு 427 ரூபாய்.

முந்தாநாள் அக்கா பிரவுசிங் சென்டருக்கு வந்து என் மேஜை பக்கத்தில் நின்றார். பென் டிரைவைக் காட்டி, மங்களத்தை அதிலிருந்து அழித்துவிடச் சொன்னார். கேசட்டில் இருக்கட்டும், இதில் வேண்டாம் என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். பிறகு வாசலில் நின்ற வண்டியில் செருகிச் சோதித்துப் பார்த்தோம். முதலில் பிள்ளையார் பாட்டு வந்தது. இவர் பொத்தானை அமுக்கி அமுக்கி இருபதாவதுக்குக் கொண்டுபோய், அது முடியும்வரை காத்திருந்தார். முடிந்ததும் பெட்டி ஒரு நொடிகூட நிற்காமல் பிள்ளையார் பாட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.